பழைய கம்ப்யூட்டருக்குப் படம் வரவைத்த கதை

எலக்ட்ரானிக்ஸ் படித்த மருமகள் ஒரு வீட்டில் இருந்தால், மிக்ஸி நின்றாலும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், தெருவுக்கே கரண்ட் போனாலும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கல்லூரி லேபில் சால்டரிங் இரும்பைத் தொடும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்கும் என்பதும், என் பங்கையும் சேர்த்துப் பற்றவைத்தது பக்கத்து பெஞ்ச் பிருந்தா என்பதும் திண்டுக்கல்லில் என் புகுந்த வீட்டுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. (கேட்டால்தானே சொல்வதற்கு!)

போன வருஷம் பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது, பழைய லுங்கியில் சுற்றிய ஒரு கறுப்புப் பெட்டி இறங்கியது. என் கணவரின் சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வந்த கம்ப்யூட்டராம். பார்த்தால் வெறும் கீபோர்டு. அதற்குள்ளேயே எல்லாம் அடக்கம். திரைக்கு வீட்டு டிவியைத்தான் மாட்ட வேண்டும்.

"இதுல ரெண்டு வரி தட்டுனா போதும், நம்ம பேரு டிவி பூரா கலர் கலரா ஓடும்" என்றார் கணவர். வேடசந்தூர் மில்லில் ஷிப்ட் பார்க்கும் மனிதர், அன்றைக்குச் சின்னப் பையன் போலக் கண்ணை விரித்துச் சொன்னார்.

மூன்றாவது படிக்கும் என் மகள் தர்ஷினி அதை அப்படியே வகுப்பில் போய்ச் சொல்லிவிட்டாள். கவின் என்ற பையன், "கீபோர்டுக்குள்ள கம்ப்யூட்டரா? புளுகுணி!" என்று சொல்ல, வகுப்பே பிடித்துக்கொண்டது. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போதே குழந்தைக்கு மூக்கு சிவந்திருந்தது.

"அம்மா, ஸ்கூல் எக்ஸிபிஷனுக்குக் கொண்டு வான்னு மிஸ் சொல்லிட்டாங்க. நீ கொண்டு வருவேன்னு நானும் சொல்லிட்டேன். படம் வரலைன்னா நான் வருஷம் பூரா புளுகுணிதாம்மா."

பெற்ற வயிறு கேட்குமா? "அம்மா இருக்கேன்ல" என்றேன். சொன்ன மறு நிமிஷமே, எதற்குச் சொன்னோம் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

பெட்டியின் பின்னாலிருந்த ஒயரை எங்கள் புது டிவியின் ஆன்டெனா ஓட்டையில் செருகி, சேனல் தேடவிட்டேன். வெகுநேரம் கழித்து ஒரு படம் வந்தது. படம் என்றா சொன்னேன்? சர்க்கரை டப்பாவில் எறும்பு மொய்த்த மாதிரி ஒரு திரை. அதற்குப் பின்னால் எழுத்துகள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளிந்தன. கலர் இல்லை. கூடவே 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

அத்தை (மாமியார்தான்) வந்து பார்த்துவிட்டு, "மழை பெய்யுற படமாத்தா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து, தர்ஷினி பள்ளிக்குப் போனதும் போனும் கையுமாக உட்கார்ந்தேன். விஷயம் மெல்லப் பிடிபட்டது. அந்தக் காலத்து டிவிக்கு ஆன்டெனாவை விட்டால் வேறு வாசல் கிடையாது. அதனால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு சின்னத் தகர டப்பா, நல்ல படத்தை டிவி நிலையம் அனுப்பும் அலைபோல வேஷம் போட்டு அனுப்புகிறது. டிவி அந்த வேஷத்தைக் கலைத்துப் படமாக்குகிறது. போட்டுக் கலைப்பதற்குள் படம் பாதி செத்துவிடுகிறது. ஆக, படம் தகர டப்பாவுக்குள் நுழையும் முன்பே ஒரு ஒயரைப் போட்டு, நேராக வெளியே இழுத்துவிட்டால் போதும். அதன் பிறகு அதைப் புது டிவிக்குப் புரியும் எச்டிஎம்ஐயாக மாற்ற உள்ளங்கை அளவு கன்வெர்ட்டர் ஒன்று வேண்டும்.

படிக்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். செய்ய வேண்டியதோ, சித்தப்பாவின் ஞாபகமாக வைத்திருந்த பெட்டியைப் பிளந்து பழுக்கக் காய்ச்சிய இரும்பை உள்ளே விடுவது.

"கெட்டுப்போச்சுன்னா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"இப்ப மட்டும் என்ன வாழுது? மழைதான பெய்யுது" என்றார்.

மேற்கு ரத வீதியில் இரும்பும் ஈயமும் மஞ்சள் நிறச் சாக்கெட் ஒன்றும் அந்தக் கன்வெர்ட்டரும் வாங்கி வந்தேன். முதலில் ஒரு செத்த டார்ச் லைட்டில் பழகினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடவுளை வேண்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். எந்தப் பாகத்தின் காலில் ஒயரை வைக்க வேண்டும் என்று போனிலிருந்த வரைபடத்தைப் பார்ப்பேன், பெட்டியைப் பார்ப்பேன், மறுபடி வரைபடத்தைப் பார்ப்பேன். அடுப்பில் சாம்பார் வற்றிக் குழம்பாகிவிட்டது. ஒருவழியாக ஒயரைப் பற்றவைத்து, மஞ்சள் சாக்கெட்டைப் பின்பக்கம் பொருத்தி, கன்வெர்ட்டர் வழியாக டிவியில் மாட்டி, ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். (நான் ஸ்விட்ச் போடுவது எப்போதும் அப்படித்தான்.)

"அம்மா! வந்திருச்சு!" என்று தர்ஷினி கத்தினாள்.

துவைத்துப் போட்ட வெள்ளை வேட்டி மாதிரித் திரை. அதில் கறுகறுவென்று எழுத்து. அப்பா சொல்லிக்கொடுத்தபடி தர்ஷினி இரண்டு வரி தட்டினாள். அவள் பெயர் சிவப்பும் பச்சையும் நீலமுமாக மேலிருந்து கீழே கொட்டியது. நான் பற்றவைத்தது! பிருந்தா இல்லாமல்!

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

எக்ஸிபிஷன் அன்று வீட்டிலிருந்து கிளம்பும் முன் எல்லாவற்றையும் சரிபார்த்து, துண்டில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அத்தையும் பட்டுப்புடவையில் கூடவே வந்தார். வகுப்பில் பெரிய மானிட்டர் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்கள். ஒயரைச் செருகும்போது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. புதுச் சாக்கெட் அல்லவா என்று அழுத்தித் திணித்தேன். ஸ்விட்ச் போட்டேன். கண்ணை மூடினேன்.

யாரும் கத்தவில்லை.

திறந்து பார்த்தால் திரை கறுப்பு. ஒயரை அசைத்தால் ஒரு கோடு ஓடி மறையும், அவ்வளவுதான். சிறப்பு விருந்தினராக வந்த டாக்டர் வரிசையின் அந்தக் கோடியில் தெர்மோகோல் சூரியக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவின் எங்கள் மேஜைக்கு எதிரிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தர்ஷினி அவனைப் பார்க்கவில்லை. என்னை மட்டும்தான் பார்த்தாள்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் ஆயிற்றே, முறைப்படிதான் பயந்தேன். கன்வெர்ட்டரின் குட்டி ஸ்விட்சை இந்தப் பக்கம் தள்ளினேன், அந்தப் பக்கம் தள்ளினேன். எச்டிஎம்ஐ ஒயரை மாற்றினேன். மானிட்டரில் இருக்கிற பட்டனையெல்லாம் அமுக்கினேன். அது ஒருமுறை சீன மொழிக்குப் போய்விட்டு வந்தது. என் பற்றவைப்புதான் ஆட்டோ குலுக்கலில் விட்டிருக்கும், டார்ச் லைட்டோடு நிறுத்தியிருக்க வேண்டும், பேசாமல் பிருந்தாவின் நம்பரை வாங்கி வைத்திருக்கலாம். இப்படியே மனசு ஓடியது.

"டாக்டர் எரிமலைக்கு வந்துட்டாருங்க" என்று மிஸ் என் காதில் சொன்னார். அந்த எரிமலை மாடலுக்கு அடுத்து நாங்கள்தான்.

அப்போதுதான் வாசனை வந்தது. பழைய கம்ப்யூட்டர், ஓட ஓடச் சூடாகும். போச்சு, உள்ளே எதுவோ கருகுகிறது என்று குனிந்து முகர்ந்தேன். மறுபடியும் முகர்ந்தேன். ஒயர் கருகினால் சந்தன வாசனையா வரும்?

ஸ்விட்சை அணைத்து ஒயரை உருவினேன். முனையில் மஞ்சளாக, கெட்டியாக, மணமாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"அத்தை..." என்று திரும்பினேன்.

"ஆமாத்தா, நாந்தான் வச்சேன். நீ தலை சீவப் போயிருந்த. புதுசா மஞ்சக்குழாய் ஒண்ணு மாட்டியிருக்கியே, புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமயா வெளிய எடுத்துட்டுப் போவாக?"

"பொட்டு மேலதான அத்தை வைப்பாக?"

"மேலதாந்தா வச்சேன். வழுக்கி ஓட்டைக்குள்ள போயிருச்சு. உள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னு விட்டுட்டேன்."

பதில் சொல்ல நேரமில்லை. எரிமலை பொங்கி டாக்டரின் ஷூ வரை வந்திருந்தது, எல்லாரும் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த எரிமலைக்கு நான் இன்றுவரை நன்றி சொல்கிறேன். தோளில் குத்தியிருந்த ஊக்கை உருவி, சாக்கெட்டுக்குள் விட்டுச் சந்தனத்தைத் தோண்டினேன். முந்தானையை முறுக்கித் துடைத்தேன், ஊதினேன், மறுபடி துடைத்தேன். ஒயர் இந்த முறை 'சடக்'கென்று உட்கார்ந்தது. ஸ்விட்ச் போட்டேன். கண்ணை மூட மறந்துவிட்டேன்.

வெள்ளைத் திரை பளிச்சென்று வந்தது. வீட்டைவிடப் பெரிசாக, ஒரு புள்ளிகூடச் சிதறாமல்.

"ஸ்மார்ட் போர்டுலகூட இம்புட்டுத் தெளிவா வராது" என்று மிஸ் வாய்விட்டுச் சொன்னார்.

ஈர ஷூவோடு வந்த டாக்டர், "இது என்ன பாப்பா, கீபோர்டு மட்டும் இருக்கு?" என்று கேட்டார்.

"இதுதான் சார் கம்ப்யூட்டர்" என்று தர்ஷினி வகுப்புக்கே கேட்கிற குரலில் சொல்லிவிட்டு, இரண்டு வரி தட்டினாள். அவள் பெயர் திரை முழுக்க அருவியாகக் கொட்டியது. டாக்டர் கைதட்ட, சுற்றி நின்றவர்கள் கைதட்ட, நானும் தட்டப்போய், ஊக்கு இல்லாத முந்தானை நழுவ, அவசரமாக அதைப் பிடித்துக்கொண்டேன். மிச்ச நேரமெல்லாம் ஒரு கையாலேயே விளக்கம் சொன்னேன்.

கூட்டம் விலகியதும் கவின் மெல்ல வந்து, "என் பேரும் வருமா?" என்று கேட்டான்.

"வரும். வரிசைல நில்லு" என்றாள் என் மகள். அன்றைக்கு அந்த வரிசை வராண்டா தாண்டிப் போயிற்று. புளுகுணி என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஆனால் எங்கள் சொந்தத்தில் ஓடுகிற கதை வேறு. விருந்தாளி யார் வந்தாலும் அத்தை சொல்வார்: "பரண்ல கிடந்த செத்த பெட்டி. நான் ஒரு பொட்டுச் சந்தனம் வச்சு அனுப்புனேன், படம் என்னமா வந்துச்சுங்கிற!" கேட்பவர்கள் அத்தையைக் கும்பிடாத குறை. தகர டப்பா, சால்டரிங் என்று நான் வாயைத் திறந்தால், "நீ காப்பி போடு சுதா" என்று கணவர் கண்ணடிப்பார்.

போன மாதம் புது வாஷிங் மெஷின் வந்து இறங்கியது. அத்தை சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். நேராக மெஷினிடம் போகாமல் என்னிடம் வந்து நின்று, "எங்கத்தா வைக்கலாம்?" என்று கேட்டார். இந்த வீட்டில் என் அனுமதி கேட்டு நடக்கும் ஒரே காரியம் இன்றைக்கு அதுதான்.