நாலரைக்கு முன் லினக்ஸ்

நிறையப் படித்த ஆளிடம் ஆலோசனை கேட்காதீர்கள். அவர் பதில் சொல்வதோடு நிறுத்த மாட்டார்.

என் மகள் தர்ஷினி கேட்டது சின்னக் கேள்விதான். பலாங்கொடையில் கம்ப்யூட்டர் டிப்ளோமா செய்கிறாள். "அப்பா, லெப்டொப்ல புரோகிராமும் எழுதணும், கேமும் விளையாடணும். விண்டோஸா, லினக்ஸா?"

ஒரு வாரம் இணையத்தில் மூழ்கி எழுந்தேன். (என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை.) "ரெண்டும் வைப்போம். விளையாட விண்டோஸ், எழுத லினக்ஸ். எங்கப்பா தோட்டத்துல இருந்த ஒரே லயக் காம்பராவுல, அந்த ஒத்த அறையில, குறுக்க சேலையக் கட்டி, சித்தப்பா குடும்பத்தையும் குடிவெச்சாரு. அதே மாதிரிதான்."

"சரிப்பா. நான் டவுனுக்குப் போயிட்டு வந்து சேர்ந்து செய்வோம். அதுக்குள்ள கைய வெச்சிராதீங்க. செவ்வாக்கிழம காட்டவேண்டிய புரொஜெக்ட் அதுலதான் இருக்கு."

புரொஜெக்ட் என்பது அவளே மாதக்கணக்கில் எழுதிய விளையாட்டு. தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையேறும் பெண்ணை இரத்தம் குடிக்கும் அட்டைகள் துரத்தும்.

அன்று ஞாயிறு. பஸ்ஸையும் காணோம், மகளையும் காணோம். என் மனைவி லெப்டொப் மூடியில் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு (ரைஸ் குக்கருக்கும் வைத்த கைதான்) கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலரைக்கு ராகு காலம் வந்துருங்க. அதுக்குள்ள தொடங்கிருங்க. பிறகு வெளங்காது."

அலமாரியில் கிடந்த ஒரு பென்டிரைவைக் காலியாக்கி, அதில் லினக்ஸை ஏற்றிச் செருகினேன். திரையில் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ கேட்டது. புத்தகத்தில் அடிக்குறிப்பைக்கூட விடாமல் வாசிப்பவன் நான்.

"நேரம் போவுதுங்க!"

முதலில் இருந்த பொத்தானை அமுக்கினேன்.

நாலரைக்கு முன் தொடங்கி, சுபமாக முடிந்தது. லினக்ஸ் பளபளவென்று வந்தது. விண்டோஸைத்தான் காணோம். நான் அமுக்கியது, 'இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுக் குடியேறு' என்ற கட்டளை. சேலை கட்டுவதற்குப் பதிலாக, சித்தப்பாவுக்குக் காம்பராவைக் கொடுத்துவிட்டு நாங்கள் தெருவுக்கு வந்த கதை.

மகள் வந்து பார்த்தாள். ஆச்சரியம், கத்தவில்லை.

"பரவால்லப்பா. அலமாரில ஒரு பென்டிரைவ் வெச்சிருக்கேன். புரொஜெக்ட்டோட ஒரு கொப்பி அதுல இருக்கு."

நான் அதை லெப்டொப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் டவுனில் கம்ப்யூட்டர் கடைக்காரர் லெப்டொப், பென்டிரைவ் இரண்டையும் சோதித்துவிட்டு, "ஒக்கோம இவரய், மாத்தயா" என்று சிங்களத்தில் சொன்னார். எல்லாம் முடிந்தது ஐயா என்பதை அவர் சீன மொழியில் சொல்லியிருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்தே புரிந்திருக்கும்.

தர்ஷினி கெஞ்சி இன்னும் சில நாள் தவணை வாங்கி, விளையாட்டை மறுபடி எழுதினாள். இப்போது அதில் அட்டைகள் இல்லை. கண்ணாடி போட்ட தொந்திக்காரர் ஒருவர் துரத்துகிறார். அவர் கை பட்டால் கூடை, கொழுந்து, மலை எல்லாம் அழிந்து திரை வெறுமையாகிவிடும். "இது யாரு?" என்று கேட்ட விரிவுரையாளரிடம் "எங்கப்பா, சேர்" என்றாளாம். பாஸ்.

இன்றும் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு முதலில் தேத்தண்ணி, அடுத்து நான் துரத்தும் காட்சி. என்னிடமிருந்து தப்ப அதில் ஒரே வழிதான் வைத்திருக்கிறாள்: நாலரை மணிவரை எங்கேயாவது ஒளிந்திருக்க வேண்டும். ராகு காலத்தில் நான் எதிலும் கை வைக்க மாட்டேன்.