ரியாத்காரர் வாங்கிக் கொடுத்த கரும்புச் சாறு

கெய்ரோவின் இராத்திரியைப் பார்த்தே தீருவது, அதுவும் தனியாகப் பார்ப்பது என்று நான் முடிவு செய்தேன். இருபத்தேழு வருட இல்லறத்தில் நான் தன்னிச்சையாக எடுத்த முதல் முடிவு அது.

எங்கள் ஊர் கெராக், ஜோர்டானில் ஒரு மலைமேல் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குக் கடைசிக் கடைக்காரர் ஷட்டரை இறக்கும் சத்தம்தான் எங்களுக்குத் தாலாட்டு. அதற்கு மேலும் விழித்திருப்பவன் ஒன்று நோயாளி, இல்லை திருடன். நான் இரண்டும் இல்லை. நகராட்சியில் பிறப்புச் சான்றிதழ் எழுதுகிறவன். பெயரில் ஓர் எழுத்து முன்பின் இருந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஐம்பத்து மூன்று வயதாகிறது, நள்ளிரவைக் கடிகாரத்தில்கூடப் பார்த்ததில்லை.

மகன் லைத்துக்குக் கல்யாணம் முடிந்து அவன் தனிக்குடித்தனம் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. நாலு நாள் கெய்ரோ போய்வரலாம் என்று ஆரம்பித்தது என் மனைவிதான். மகன் பெயரை வைத்து ஊருக்கெல்லாம் நான் அபூ லைத், லைத்தின் அப்பா; அவள் உம்மு லைத், லைத்தின் அம்மா. புறப்படுவதற்கு முந்தின நாள் முடிவெட்டிக்கொள்ளப் போனேன். முடிவெட்டும் மிஃப்லெஹ் என் காதருகே கத்தரியை நிறுத்தினான்.

"அபூ லைத், கெய்ரோ ராத்திரி பத்து மணிக்கு மேலதான் கண்ணே முழிக்கும். நைல் ஆத்துல படகு இருக்கு பாரு. கலர் லைட்டு, பாட்டு, ஆட்டம்..."

"உம்மு லைத்தும் கூட வர்றாளேப்பா!"

"பகல் பூரா நடக்க விடு. ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவாங்க. அப்புறம் நீதான் ராஜா."

முதல் நாள் பிரமிடு. ஒட்டகம் வேண்டாம், நடந்தால்தான் உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டேன். மணலில் மூன்றையும் சுற்றினோம். அவற்றில் ஒன்றை இரண்டு தடவை சுற்றிவிட்டோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

"கால் வலிக்குதா, உம்மு லைத்?" என்று ஆசையோடு கேட்டேன்.

"உயிரே போகுது, அபூ லைத். வாங்க, இன்னொரு சுத்து போவோம்."

எப்பேர்ப்பட்ட மனைவி! திட்டத்துக்கு இவ்வளவு ஒத்துழைக்கிறாளே என்று எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. அறைக்கு வந்ததும் அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பத்து நிமிடம் காலை நீட்டிவிட்டு நழுவலாம் என்று நானும் படுத்தேன். கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் வெயில் அடித்தது.

இரண்டாம் நாள் அருங்காட்சியகம். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்த உம்மு லைத், எதிரே இருந்த மம்மிக்குச் சமமாகத் தூங்கிப் போனாள். திட்டம் பலிக்கிறது என்று எனக்கு ஒரே குஷி. அன்று இரவும் பத்து நிமிடம்தான் படுத்தேன். அன்றும் வெயில்தான் எழுப்பியது. உம்மு லைத் தலை வாரிக்கொண்டே நான் கேட்டறியாத ஒரு பாட்டை முணுமுணுத்தாள்.

"இது எங்க கேட்ட பாட்டு?"

"ரேடியோவுல."

அறையில் ரேடியோ இல்லை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். எனக்கு யோசனையெல்லாம் படகின் மேல் இருந்தது.

மூன்றாம் நாள் கடைத்தெரு. மாலைவரை நடந்தோம். இந்தத் தடவை நான் ஏமாறத் தயாராக இல்லை. பற்பசை வாங்கி வருகிறேன் என்று கீழே போய் மூன்று கோப்பைக் காப்பியை ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தேன். இதயம் அடித்துக்கொண்ட அடியில் சட்டைப் பொத்தான் தெறித்துவிடும்போல இருந்தது. திரும்பி வந்தால் அறை இருட்டு. கட்டிலில் போர்வை மேடாக இருந்தது.

"உம்மு லைத்?"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியை எடுத்து, கண் மட்டும் தெரியும்படி முகத்தைச் சுற்றினேன். யாராவது ஊர்க்காரன் பார்த்துத் தொலைத்தால்? அரைமணி நேரத்தில் படகில் இருந்தேன்.

மிஃப்லெஹ் சொன்ன ராஜாக்கள் ஒருவரும் அங்கே இல்லை. எல்லாம் குடும்பம் குடும்பமாக. கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், மாமியார்கள். இரவு பத்தரை மணிக்கு ஒரு பெண் மேல்தளத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பிள்ளைக்குச் சோறூட்டுகிறாள்! பாட்டு காதைப் பிளந்தது. ஆனாலும் தண்ணீரில் விளக்குகள் ஆடுவதைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். ஐம்பத்து மூன்று வருடமாக இதை விட்டுவிட்டு ஷட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேனே!

மைக் பிடித்த பயூமி என்ற தடியன் என்னிடம் வந்தான். அந்தப் படகில் ஏறுகிறவர்களின் பெயரையும் ஊரையும் சொல்லி சலாம் போடுவது அவன் வேலை.

"பேரு, ஊரு சொல்லுங்க பாஷா."

"அபூ ஃபஹத்" என்றேன். "ரியாத்."

நானா? பெயரில் ஓர் எழுத்து பிசகினாலே பொறுக்காத நானா? அதுகூடப் போகட்டும். ரியாத் என்று ஏன் சொன்னேன் என்பதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. ட்யூனிஸ் என்று சொல்லியிருக்கலாம். கெய்ரோவில் ரியாத்காரர் என்றால் காலும் கையும் முளைத்த பணப்பை.

"ரியாத்துலேருந்து வந்திருக்கிற பெரிய மனுசன், தாராள மனசுக்காரர், அபூ ஃபஹதுக்கு ஒரு சலாம்!" என்று பயூமி முழங்கினான். படகே கைதட்டியது. "அடுத்தது, இந்தப் படகோட ராணி! மூணு ராத்திரியா இவங்க இல்லாம நாங்க கயித்தையே அவுக்கிறதில்லை. கெராக் ஊர் ஹாஜ்ஜா, உம்மு லைத்துக்கு ஒரு சலாம்!"

படகின் முனையில் கையில் தப்பு மேளத்தோடு எழுந்து நின்றாள் என் மனைவி. பெண்கள் எல்லோரும் குலவையிட்டார்கள்.

அறையில் போர்வைக்குள் இருந்தது தலையணை என்று அந்தக் கணம் புரிந்தது. பிரமிடை இன்னொரு சுற்று சுற்றச் சொன்னது ஏன் என்பதும் புரிந்தது. படகு கரையை விட்டுப் போயிருந்தது. எனக்கு நீந்தத் தெரியாது.

அவள் நேராக என்னிடம் வந்தாள். என் தலைத்துணியைப் பார்த்தாள். ஊரிலிருந்து கிளம்பும்போது அவளே இஸ்திரி போட்டு மடித்து வைத்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வாங்க அண்ணே. தனியாவா வந்தீங்க? வீட்டுல அக்கா?"

"அ... அவ தூங்குறா" என்றேன், குரலைத் தடிமனாக்கி.

"ஐயோ பாவம். எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். ஒம்பது மணி அடிச்சா அணைஞ்சு போயிடுவாரு. தங்கமான மனுசன், குறை சொல்லக் கூடாது."

"அப்புறம் நீங்க மட்டும் ஏன் இப்படி...?"

"கல்யாணமான புதுசுல மாடியில நிலாவுல உக்காரலாம்னு கூப்பிட்டேன் அண்ணே. நாளைக்கு ஆபீஸ் இருக்குன்னாரு. இருபத்தேழு வருசமா அந்த நாளைக்கு வந்துக்கிட்டே இருக்கு." அவள் ஆற்றைப் பார்த்தாள். "இங்க வந்தாலாவது முழிச்சிருப்பாருன்னு நெனச்சேன். முதல் நாள் ராத்திரி எழுப்பிக்கூடப் பாத்தேன். குறட்டைதான் பதில் சொல்லுச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. தனியாகப் போக வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டேனே, கூட வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே! துணியை அவிழ்த்துவிடலாம் என்று கையைத் தூக்கினேன். அதற்குள் அவள் பயூமியின் மைக்கைப் பிடுங்கிவிட்டாள்.

"எல்லாரும் கேளுங்க! ரியாத் அண்ணன் கையைத் தூக்கிட்டாரு! இன்னிக்குப் படகு பூராவுக்கும் கரும்புச் சாறு அவரு செலவு!"

குலவை வானத்தைத் தொட்டது. மாமியார்கள் இரண்டு டம்ளர் குடித்தார்கள். அப்புறம் என்னை நடுவில் இழுத்துவிட்டு ஆடச் சொன்னார்கள். ஆடினேன். உம்மு லைத் தப்பு அடித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நாளை இரவும் வருவேன் என்று அவள் என்னிடம் மைக்கிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

கரை வந்ததும் ஓட்டமாக ஓடி, அவளுக்கு முன்னால் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

காலையில் என் முன்னால் காப்பியை வைத்தாள்.

"நல்லா தூங்கினீங்களா?"

"கட்டை மாதிரி."

"எனக்கு இன்னிக்கு ராத்திரி படகுக்குப் போகணும். ரியாத்காரர் ஒருத்தர் பத்து மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரு. ரொம்ப நல்ல மாதிரி. நிலாவுல உக்காந்து பேசிக்கிட்டிருக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. என் மேலேயே எனக்குப் பொறாமை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கணவன் என்ற முறையில் கம்பீரமாகச் சொன்னேன்: "நானும் வர்றேன்."

உம்மு லைத் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க வந்துட்டா அவரு எப்படி வருவாரு?"