கேன்சல் பாய் வந்த வெள்ளிக்கிழமை

திருவொற்றியூரிலேயே "ஓகே" என்ற வார்த்தைக்குப் பயந்த ஒரே மனிதர் கேன்சல் பாய்தான். வேறு எதற்கும் பயப்படாதவர். எண்ணூர் நெடுஞ்சாலையில் இரண்டு கன்டெய்னர் லாரிக்கு நடுவே சைக்கிளில் முனகல் பாட்டோடு போவார். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் "ஓகே" என்று ஒரு பொத்தான் வந்து நின்றால் போதும், படமெடுத்த பாம்பைப் பார்த்த மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கிவிடுவார்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஜூஸ் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இடையில், ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு அவருக்கு ஒரு ரிப்பேர் கடை. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே உபதேசம்தான். "மெஷினு உன்னாண்ட எத்த கேட்டாலும் மொதல்ல கேன்சல். அப்பால படி. படிச்சிட்டு யோசி. யோசிச்சிட்டு திரும்பவும் கேன்சல்."

இதை மெஷினோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பெயர் வந்திருக்காது. மனிதர்களிடமும் அப்படித்தான்.

"பாய், டீ சொல்லட்டா?" என்பார் ஜூஸ் கடைக்காரர்.

"கேன்சல்."

கொஞ்ச நேரம் கழித்து விசாரணை தொடங்கும். "இன்னா டீ? யாரு போட்டது? சக்கர தூக்கலா?" எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகு தலையை ஆட்டுவார். அதற்குள் டீயில் ஆடை கட்டியிருக்கும்.

ஷேர் ஆட்டோக்காரர்கள் அவரைக் கண்டால் நிறுத்துவதில்லை. ஒருவர் புதுசு, தெரியாமல் நிறுத்திவிட்டார். "ஏறு பாய்." "கேன்சல். எங்க போவுது, எந்த வழி, நடுவுல எங்கெல்லாம் நிப்ப, அத்த சொல்லு." உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கி நடந்தே வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். அவருடைய நிக்காஹ் அன்று சம்மதமா என்று கேட்டபோதும் பழக்க தோஷத்தில் வாய் முந்திக்கொண்டதாம், மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். உண்மையா என்று அவரிடமே கேட்டேன். "கேன்சல்" என்றார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய காரணத்தைச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் காலடிப்பேட்டையில், மாடி வீட்டில் குடியிருந்தோம். எங்கள் வீட்டுக்காரர், அதாவது என் கணவர், எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் கோயில், கோயில் விட்டு வந்தால் மகளுடைய கம்ப்யூட்டர். அதில் ஒருநாள் அம்மன் படம் ஒன்று கண்ணில் பட்டது. இறக்கிக்கொண்டால் திரையில் எந்நேரமும் விளக்கு எரியும், பூ விழும், மணி அடிக்கும், எல்லாம் இலவசம் என்று போட்டிருந்தது. இறக்கினார். உடனே ஒரு பெட்டி வந்தது. ஒரு ஓரத்தில் அம்மன் முகம். பக்கத்தில் இரண்டு பொத்தான். ஒன்று "அலோ", வரவிடு என்று அர்த்தம். இன்னொன்று "பிளாக்".

"பிளாக்குன்னா இன்னாடி?" என்றார்.

பத்தாவது வரை படித்தவள் என்ற முறையில், "வராம தடுக்கறது" என்றேன்.

"அம்மா வரட்டுமான்னு கேக்கறா. நான் தடுக்கறதா?"

அலோவை அமுக்கினார். பக்கத்தில் நின்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ பெட்டிகள் வந்தன. எல்லாவற்றிலும் அம்மன் முகம். ஒன்றைக்கூட அவர் திருப்பி அனுப்பவில்லை.

ஒரே வாரத்தில் எங்கள் கம்ப்யூட்டர் தேரோட்டத்தன்று சன்னதித் தெரு மாதிரி ஆகிவிட்டது. ரயில் நேரம் தேடினால் ரம்மி ஆடக் கூப்பிட்டது. பால் பாயசம் தேடினால், பெயரே கேள்விப்படாத ஒரு பக்கத்துக்குப் போய் நின்று, முடி வளரும் எண்ணெய் விற்றது. மூலையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, உங்கள் தொப்பையைக் கரைக்கட்டுமா என்று கேட்பாள். நடுநடுவே மணி வேறு. மணி அடித்தவுடன் இவர் எழுந்து நின்று கும்பிடுவார். திரையில் அந்தத் தொப்பைக்காரி நிற்பாள்.

சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் மகள் நித்யா வேலை பார்த்த கம்பெனியை மூடி ஒரு வருஷம் ஓடியிருந்தது. எழுதிப் போட்ட இடமெல்லாம் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கம்ப்யூட்டரிலேயே பரீட்சை. போனில் எழுதக்கூடாது. அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது, கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் பிரௌசிங் சென்டருக்கும் போக முடியாது. பரீட்சை நடக்கும்போது வேறு எந்தப் பக்கமாவது திறந்தால் அதோடு சரி, வெளியே தள்ளிவிடுவார்கள்.

அன்று மதியம் மாதிரிப் பரீட்சை எழுதிப் பார்த்தாள். மூன்றாவது கேள்வியில் தொப்பைக்காரி வந்தாள். "நீங்கள் வேறு பக்கத்துக்குச் சென்றதால் தேர்வு முடிந்தது" என்று திரை சொன்னது.

நித்யா அழவில்லை. பின்னியிருந்த ஜடையை அவிழ்த்தாள், திரும்பவும் பின்னினாள். "சாயங்காலமும் இப்படி ஆச்சுன்னா இன்னொரு சான்ஸ் கிடையாதும்மா" என்றாள், அவ்வளவுதான்.

நான் ஸ்டேஷன் பக்கம் ஓடினேன். பாய் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். தொப்பியோடு வந்தவரிடம், "பாய், கொஞ்சம் வூட்டாண்ட வர முடியுமா?" என்று கேட்டேன்.

"கேன்சல்."

நான் நின்ற இடத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மகள், வேலை, நான்கு மணி. ஜடையை அவிழ்த்துப் பின்னியதையும் சொன்னேன், ஏன் என்று தெரியவில்லை. பாதி இறங்கியிருந்த ஷட்டரை அவர் முழுதாக இறக்கிப் பூட்டினார்.

"நட, அக்கா" என்றார்.

வீட்டுக்கு வந்தவர் முதலில் நெட் ஒயரைப் பிடுங்கினார். அப்புறம் கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் மூன்று பேரையும் எதிரே வரிசையாக உட்கார வைத்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் வேலை செய்கிற முறை இதுதானாம்.

"யாரு எத்த அமுக்குனீங்க? திட்ட மாட்டேன். மருந்து குடுக்கணும்னா எத்த துன்னேன்னு தெரியணும்."

எங்கள் வீட்டுக்காரர் ஃபேனைப் பார்த்தார். "நான் ஒண்ணியும் அமுக்கல."

"அம்மன் வந்தாளே, அத்த சொல்லுங்க" என்றேன்.

"அது அமுக்கறதுல சேருமா? அது கும்புட்றது."

பாய் திரும்பி, என்னென்ன இறக்கியிருக்கிறது என்று தேதி வாரியாகப் பார்த்தார். "புட்சிட்டேன். இந்த மணிதான். இதும் பின்னாலதான் மத்த கலீஜ் எல்லாம் ஏறிகினு வந்துகீது. இத்த தூக்கணும்."

"எத்த தூக்கணும்?" என்று எழுந்துவிட்டார் இவர். "வெள்ளிக்கெழம அதுவுமா அம்மாவ வூட்ட வுட்டு அனுப்பறதா? பாய், எங்க வூட்ல வெள்ளிக்கெழம மோர் கேட்டாக்கூட தர மாட்டோம்."

"அப்பா, பிள்ளையாரைக் கடல்ல கரைக்கலையா?" என்றாள் நித்யா.

"அது சதுர்த்தி. இது வெள்ளி."

மணி இரண்டரை. நான் சாமி படத்தைப் பார்க்கிறேன், கடிகாரத்தைப் பார்க்கிறேன். எனக்கும் உள்ளே உறுத்தல்தான், பொய் சொல்ல மாட்டேன். பெண் பிழைப்பும் வேண்டும், அம்மன் மனசும் கோணக்கூடாது.

மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார் பாய். "அண்ணாத்த, நீ ஓகே சொல்லாம நான் தொட மாட்டேன். ஒண்ணு கேக்கறேன். உங்க கோயில் வாசல்ல ஒருத்தன் அம்மன் படத்த நெஞ்சுல மாட்டிகினு நிக்கறான். கும்புட்ற நேரத்துல உன் பாக்கெட்ல கைய வுடறான். நீ யார புடிப்ப?"

"அவனத்தான்."

"படத்த?"

"படத்த எதுக்கு? வாங்கி பத்ரமா வெச்சிக்குவேன்."

"அவ்ளோதான் நம்ம வேலை. அம்மா வூட்லயே இருக்கட்டும். மாட்டிகினு வந்தவன மட்டும் அனுப்புவோம்."

அந்தப் படத்தை மட்டும் தனியாக எடுத்து, திரை முழுக்கப் பெரிதாக வைத்தார். ஐகான் ஒன்றுகூட அம்மன் முகத்தில் விழாதபடி எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கினார். இவர் தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார். "சோக்கா கீது" என்றார். கற்பூரத் தட்டை எடுத்து வந்து திரைக்கு ஒரு சுற்றுக் காட்டினார். பாய் எழுந்து ஓரமாக நின்றார். "புகை உள்ள போவாம காட்டு அண்ணாத்த" என்பதோடு சரி.

அப்புறம்தான் அவர் கையைப் பார்க்கவேண்டும். மணியை நீக்கினார். பிரௌசருக்குள் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிய்த்தார். அலோ கொடுத்த பக்கங்களின் பெயர் இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொன்றாக அடித்துத் தள்ளி, ஒவ்வொன்றுக்கும் வாய்க்குள் "கேன்சல்" என்று சொல்லிக்கொண்டார், ஜபம் மாதிரி. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

டிங் டிங் என்று மணி அடித்தது.

எங்கள் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர். "பாத்தியா, போவ மாட்டேன்றா."

பாயே ஒரு நிமிஷம் ஆடிப் போனார். என்னிடம் மெதுவாக, "அக்கா, நெசமாவே உங்க அம்மனா?" என்றார். பிறகு குனிந்து எங்கெங்கோ துழாவினார். "இல்ல. தொரத்துனவன் பின்பக்க சாவி ஒண்ணு வெச்சிகினு கீறான். மெஷின போடும்போதெல்லாம் திரும்ப வந்து குந்திக்கறான். பேஜாரு புட்ச்ச பய." அதையும் பிடுங்கினார். திரும்ப அணைத்துப் போட்டார். விளக்கில்லை, பூவில்லை, மணியில்லை. அம்மன் மட்டும் சிரித்தபடி இருந்தாள்.

பாய் நெட் ஒயரைத் திரும்ப மாட்டியதும் நித்யா மாதிரிப் பரீட்சையைத் திறந்தாள். மூன்றாவது கேள்வியைத் தாண்டினாள். கடைசிக் கேள்வி வரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நான்கு மணிக்கு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். பாய் கிளம்புவார் என்று பார்த்தால், மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "முடியட்டும்" என்றார். தெருவில் கீரைக்கார அம்மா குரல் எடுத்ததும் எழுந்து ஓடினார். "கத்தாதம்மா, மேல பாப்பா பரீட்ச எழுதுது" என்று, அவள் கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தார். திரும்பி வந்தவர் மொட்டை மாடிக்குப் போய் கைக்குட்டையை விரித்துத் தொழுதார். கீழே பூஜை அறையில் நாங்கள் இரண்டு பேரும் சத்தம் வராமல் உட்கார்ந்திருந்தோம்.

கதவு திறந்தது. "முழுசா எழுதிட்டேம்மா" என்றாள் நித்யா. பாய் அதைக் கேட்டதும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, எங்கள் நன்றியெல்லாம் வந்து சேரும் முன்பே படியிறங்கிப் போய்விட்டார்.

வேலை கிடைத்தது. சேதி வந்த அன்றே அம்மன் கோயிலுக்குப் போனேன். முதல் தட்டு நித்யா பேருக்கு. பேர், நட்சத்திரம் எல்லாம் மளமளவென்று சொன்னேன். குருக்கள் இரண்டாவது தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "இது யார் பேருக்கும்மா?" என்றார். வாயைத் திறந்தேன். பாயைத் தெரு கூப்பிடுகிற பேரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பேரைச் சொல்லி அர்ச்சனை செய்யச் சொல்ல முடியுமா?

"சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றேன்.

யாருக்கு என்று அவளுக்குத் தெரியாதா என்ன.