ஒம்பது வால் ராணியும் விமலன் கழுவுன சட்டியும்

ஏய், உக்காருங்கலா! பேச்ச நிப்பாட்டு. அந்தக் கச்சாங் கடலப் பொட்டலத்த சரசரன்னு நோண்டாத, கத காதுல விழாது. ஆங்.

நம்ம குருபோங் தாமான் குடியிருப்புல விமலன் இருக்கான்ல, பத்து பெரண்டாம்ங்கிற எடத்துல பேக்டரி வேல? அவனுக்கு ஒரு கிறுக்கு, படக்கத போடுற கிறுக்கு. எங்கயோ ஒரு கொரியா காலண்டர் கெடச்சிருக்கு. அதுல அரமண, வளஞ்ச ஓட்டுக்கூர, பலூன் மாதிரி உப்புன பாவாடயில பொண்ணுங்க. பாத்தான், கெட்டான். ‘ஒம்பது வால் ராணி’ன்னு கத கட்டிட்டான். ஒரு மாய நரி ராணியா உருமாறி வந்து ராஜாவ ஆட்டி வைக்குது. வாரா வாரம் வரஞ்சு இன்டர்நெட்ல ஏத்துவான். சோறு இல்லன்னாலும் பரவால்ல, நாலு பேரு படிச்சாப் போதும் அவனுக்கு.

அந்த ராணியோட மூஞ்சி இருக்கே, அச்சு அசல் அவன் பொண்டாட்டி பவானேஸ்வரி. பவானிதான் கம்ப்யூட்டர் பக்கமே வர்றதில்லயே, என்ன பயம்?

சனிக்கிழம பவானிக்கு அர நாள் ஆபீஸ். அவ தல மறஞ்சா விமலனுக்கு தீவாளி. வாசகருங்களோட சாட் பண்ண உக்காந்துருவான். வாசகருங்கன்னா பெரிய கூட்டம்னு நெனைக்காதீங்க. கிள்ளான்ல ஒருத்தன், சியோல்ல ஒருத்தி. அவ பேரு சியோல் சுந்தரி. கொரியாவுலயே பொறந்து வளந்த தமிழ்ப் பொண்ணாம்.

வீட்டுல விமலனோட மாமியார் முனியாயியும் இருக்காங்க. மூலயில ஒரு நாக்காலி, வாயில ஒரு பூட்டு. ஆமான்னா தல ஆடும். இல்லன்னா அதுவும் ஆடாது.

ஒரு சனிக்கிழம சுந்தரி சாட்ல தட்டுனா: “ஆர்ட்டிஸ்ட் சார், ராஜா கை சரியில்ல.”

“ஏம்மா, அஞ்சு வெரலும் இருக்கே?”

“வேல செஞ்ச கையா அது? பன்னு மாதிரி இருக்கு. ராணி மனசப் புடிக்கணும்னா ராஜா சட்டி கழுவணும். நீங்களும் கழுவிப் பாத்துட்டு வரைங்க. அப்பத்தான் படத்துக்கு உயிர் வரும்.”

கிள்ளான்காரன் குறுக்க வந்தான். “அது ராஜாவா, கோப்பிக்கடயில மங்கு கழுவுறவனா லா?”

“உனக்கு கலையப் பத்தி என்னடா தெரியும்?”ன்னு தட்டிட்டு எந்திரிச்சுப் போனான் விமலன். அடிப்புடிச்ச சட்டி, எண்ணச் சட்டி, ஒண்ணு விடல.

அடுத்த வாரம் ராஜா கையில சோப்பு நொர. சுந்தரி துள்ளுனா. “உயிர் வந்துருச்சு சார்!” விமலனுக்கு கால் தரையில நிக்கல. அப்பறம் ராஜா வீடு தொடச்சாரு. துணி காயப் போட்டாரு. எல்லாத்தயும் விமலன் முன்கூட்டியே செஞ்சு பாத்தான்.

“என்னங்க, ஒடம்பு சரியில்லயா?”ன்னு கேட்டா பவானி.

“இது ஆராய்ச்சிடி. உனக்குப் புரியாது.”

“அப்படியா? கட்டிலுக்கு அடியிலயும் நல்லா ஆராயுங்க.”

போன சனிக்கிழம சுந்தரி என்ன தட்டுனா தெரியுமா? “நாளைக்கு அரமணயில தோச. ராஜா உளுந்து ஊறப் போடட்டும். ஐஸ்பெட்டி மேல செவப்பு பிஸ்கட் டின்ல இருக்கு.”

ஓடுனான். டின்ன எறக்கி, உளுந்தக் கொட்டி, தண்ணி ஊத்தி, கைய விட்டு அலசுனான். அலசுன கை அப்படியே நின்னுருச்சு.

சியோல்ல இருக்குறவளுக்கு நம்ம வீட்டு டின்னு எப்படிடா தெரியும்?

மத்தியானம் பவானி வந்தா. கைப்பைய மாட்டுறதுக்கு முன்னாலயே, “ஊறப் போட்டாச்சா?”

“நீதானாடி சியோல் சுந்தரி?”

“எங்க ஆபீஸ்லயும் கம்ப்யூட்டர் இருக்குங்க. என் மூஞ்சிக்கு ஒம்பது வால ஒட்டிட்டு, கேக்க ஆளில்லன்னு நெனச்சீங்களா?”

“அப்ப கிள்ளான்காரன்?”

“பக்கத்து சீட்டு சாந்தி. ரெண்டு பேரும் ஒங்களப் புகழ்ந்தா சந்தேகம் வரும்ல?”

விமலன் அப்படியே தரையில உக்காந்துட்டான். அவனே தொடச்ச தர, பளபளன்னு இருந்துச்சு. “அப்ப இந்த ஒலகத்துல என் கதய நெசமாப் படிக்க ஒரு ஆளு இல்லயா?”

பவானிக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்பத்தான் மூலயில தொண்டயச் செருமுற சத்தம்.

“நான் பாக்குறேன் மாப்ள. பவானி ஆபீஸ்ல பிரிண்டு எடுத்துக் கொண்டாருவா. ஒரு வாரம் விட்டதில்ல.”

விமலன் மூஞ்சியில கரண்டு வந்துருச்சு. “அத்த! நெசமாவா? எப்படி அத்த இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. அடுத்த வாரம் ராஜா கக்கூஸ் கழுவட்டும்.”