கூரைமேல் சைக்கிள், கிணற்றுக்குள் குடை

"'கூரைமேல் சைக்கிள்' மாதிரி இன்னொரு மங்கா இந்த ஜென்மத்துல கிடைக்காது" என்று புது மேலாளர் சொன்னபோது ஹதனோ வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை.

திங்கட்கிழமை காலை. தண்ணீர்க் குழாய்க்கு ரப்பர் வாஷர் செய்து விற்கும் கம்பெனியின் ஒகயாமா கிளையில் எல்லாரும் எழுந்து நின்று கூடும் நேரம். டோக்கியோவிலிருந்து மாற்றலாகி வந்திருந்த இநோகுமா, வழக்கப்படி தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். பிறந்த ஊர், ரத்தப் பிரிவு, கடைசியில் பிடித்த மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை.

மேலாளரின் பேச்சை அந்தரத்தில் விடுவது அந்த ஆபீஸில் பழக்கமில்லை. விற்பனைப் பிரிவு மகிதாதான் முதலில் ஆரம்பித்தான்.

"மூணாவது பாகத்துல நான் அழுதுட்டேன் சார்."

"எனக்கு அந்த அக்காவைத்தான் பிடிக்கும்" என்றாள் கணக்குப் பார்க்கும் ஒகினோ. "அனிமே படமா எடுத்தப்ப அவளைக் கெடுத்துட்டாங்க."

"அனிமேயா... ஆமாமா, கெடுத்துட்டாங்க" என்று இநோகுமா கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஹதனோ அந்தப் பெயரையே அன்றுதான் கேட்டான். ஆனால் அவன் தலைக்கு மேல் ஒரு கத்தி தொங்கியது. நாட்டின் வடகோடியில், மே மாதத்திலும் கம்பளிச் சட்டை கழற்றாத வக்கனாய் ஊர்க் கிளைக்கு ஓர் ஆள் வேண்டும். மூன்று வருடம். குடும்பம் இங்கே, அவன் அங்கே. யார் போவது என்று வெள்ளிக்கிழமைக்குள் இநோகுமாதான் எழுதி அனுப்ப வேண்டும். ஹதனோவுக்கு ரைஸ் குக்கரில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்றுகூடத் தெரியாது. அதாவது போகட்டும். மகள் கஸுஹாவுக்குப் பதினாறு வயது. மூன்று வருடம் கழித்துத் திரும்பினால் அவள் கல்லூரிக்கு வேறு ஊர் போயிருப்பாள். வீட்டில் அவள் இருக்கப்போகிற கடைசி மூன்று வருடம் அது.

எனவே மகிதாவைவிட ஒரு படி மேலே போக வேண்டியிருந்தது. வாசலில் குடைகள் செருகிவைத்த வாளி கண்ணில் பட்டது.

"அது பிடிச்சிருந்தா சார், 'கிணற்றுக்குள் குடை'யும் உங்களுக்குக் கட்டாயம் பிடிக்கும்."

இநோகுமா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டுக்கும் என்ன ஒத்துமை?"

"ரெண்டுலயும் பேச்சு கம்மி சார். மழை ஜாஸ்தி. கதாநாயகன் கடைசிவரைக்கும் எங்கயும் போகமாட்டான்."

"எங்கயும்னா?"

"ஊரை விட்டே போகமாட்டான் சார். அதான் கதையோட உயிர்நாடி."

"ரொம்ப ஆழமா படிக்கிறீங்க" என்றார் இநோகுமா. "கொண்டு வாங்க, பாக்கறேன்."

அன்று மத்தியானமே ஹதனோ போய், அந்த மங்கா இப்போது அச்சில் இல்லை, தன் மூன்று பாகத்தையும் மச்சான் வாங்கிப்போய் தொலைத்துவிட்டான் என்று சொல்லிவிட்டு வந்தான். தீர்ந்தது என்று நினைத்தான். செவ்வாய்க்கிழமை மகிதா புகுந்தான்.

"மூணு பாகமா? அஞ்சு இல்ல? நான் அஞ்சும் படிச்சேனே."

இல்லாத புத்தகத்துக்கு இரண்டு பாகம் கூட எழுதிவிட்டான் பாவி. மறுத்தால் யார் சொல்வது பொய் என்று கேள்வி வரும். "முதல்ல மூணா வந்துச்சு, அப்புறம் அஞ்சாப் பிரிச்சாங்க" என்றான் ஹதனோ. அப்படியானால் எதை முதலில் படிக்க வேண்டும் என்று ஒகினோ கேட்டாள். அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்தான். அதே குணமுள்ள வேறு மங்கா இருக்கிறதா என்று சரக்கறைக்காரர் கேட்டார். மழை பிடித்தால் இது, மௌனம் பிடித்தால் அது, அக்கா பிடித்தால் இன்னொன்று என்று ஹதனோ மேலும் மூன்று பெயரை அவிழ்த்துவிட்டான். சாயங்காலத்துக்குள் ஆபீஸில் அவனுக்கு 'மங்கா ஞானி' என்று பெயர் விழுந்துவிட்டது. இநோகுமா எல்லாவற்றையும் தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கிட்டே வரவில்லை.

வீட்டில் மனைவி யாசுயோவிடம் சொன்னான்.

"வாய்தான் நீளம்" என்றாள் அவள், முள்ளங்கியைச் சீவிக்கொண்டே. "பேசாம உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா பொய்யன்னு வக்கனாய்க்கு அனுப்பிடுவார்."

"அனுப்பட்டும். எனக்கு ஒரு ஆள் துணி துவைக்கிற வேலை மிச்சம்." சீவிய முள்ளங்கியைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டாள். "அந்த ஊர்க் குளிர் உங்க முட்டிக்கு ஆகாதுங்க" என்றாள் பிறகு.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இநோகுமா அவன் மேசைக்கு வந்தார்.

"கிடைச்சுது ஹதனோ. படிச்சுட்டேன்."

"எது சார்?"

"கிணற்றுக்குள் குடை. அஞ்சாவது பாகம் மட்டும் கொஞ்சம் சொதப்பல், இல்ல?"

ஹதனோ உறிஞ்சிக்கொண்டிருந்த நூடுல்ஸ் மூக்கில் ஏறியது. இருமி முடித்து, "ஆமா சார், இழுத்துட்டாங்க" என்றான். அன்று முழுக்க அவனுக்கு வேலையே ஓடவில்லை. தன் வாயில் வந்த பெயரில் நிஜமாகவே யாரோ எழுதித் தொலைத்திருக்கிறானா? அப்படியென்றால் அதில் மழை இருக்கிறதா? கதாநாயகன் ஊரை விட்டுப் போகிறானா?

வியாழக்கிழமை மகிதா கடைசி ஆணியை அடித்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது மேலாளருக்கு வரவேற்பு விருந்து. அதில் அந்த இரண்டு மங்காவின் ஒற்றுமையைப் பற்றி ஹதனோவும் மேலாளரும் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசினால் எப்படி என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். இநோகுமாவின் முகம் வெளுத்தது. "பேஷா பேசலாம்" என்றார், ஹதனோவின் பக்கம் திரும்பாமலே.

கோபம்தான், சந்தேகமே இல்லை, கண்டுபிடித்துவிட்டார் என்று ஹதனோ முடிவுகட்டினான். இனி ஒரே வழி. அவருக்குப் பிடித்த 'கூரைமேல் சைக்கிள்' மங்காவையாவது ஒழுங்காகப் படித்துவிட்டுப் போய் நிற்பது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிடாமல், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய மங்கா கடைக்கு ஓடினான்.

கடைக்கார அம்மாள் இரண்டு பெயரையும் கேட்டுக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ரெண்டுமே கிடையாதுங்க."

"ரெண்டாவது ஒருவேளை இல்லாம இருக்கலாம். முதல்ல சொன்னதைத் தேடிப் பாருங்களேன்."

"அதை ஏற்கெனவே ரெண்டு தடவ தேடியாச்சு. போன சனிக்கிழமை டோக்கியோக்காரர் ஒருத்தர் வந்தார். இந்தப் பேர்ல எதுவும் இல்லைதானேன்னு கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டுப் போனார். புது ஆபீஸ்ல பிடிச்ச மங்கா எதுன்னு சொல்லணுமாம். பிறந்ததுலேர்ந்து ஒண்ணுகூடப் படிச்சதில்லையாம். குறுக்குக் கேள்வி வராத பேரா வேணுமாம்."

அந்த டோக்கியோக்காரர் யாரென்று ஹதனோவுக்குப் பளிச்சென்று விளங்கியது. பிறகு சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் புத்தக அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஐந்தாவது பாகம் சொதப்பலாமே, அடப்பாவி மனுஷா. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல அவரும் வாய் திறக்க முடியாது, இவனும் திறக்க வேண்டாம். விருந்தில் ஆளுக்குப் பத்து நிமிடம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தால் போயிற்று. ஐந்து நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

"பதினாறு வயசுப் பொண்ணு ஒருத்தி படிக்கிற மாதிரி, நிஜமாவே இருக்கிற மங்கா ஒண்ணு கொடுங்க" என்றான். "இன்னும் மூணு வருஷம் ஒரே வீட்டுல இருக்கப் போறோம், ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கிற மாதிரி இருக்கட்டும்."

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்து, காகித உறை மடித்துப் போட ஆரம்பித்தாள்.

"அந்த மனுஷர் பாவங்க, இன்னைக்குக் காலையிலயும் வந்து புலம்பிட்டுப் போனார்" என்றாள் உறையின் ஓரத்தை நகத்தால் நீவியபடி. "அவர் ஆபீஸ்ல ஒருத்தர் உலகத்து மங்காவையெல்லாம் கரைச்சுக் குடிச்சவராம், அவர் பக்கத்துல இருந்தா என்னைக்காவது குட்டு உடைஞ்சிடும்னு அந்த ஆளையே வக்கனாய்க்கு எழுதி அனுப்பிட்டாராம்."