லிஃப்டை ஓட வைத்த வினைச்சொல்

அன்பும் அதட்டலும் ஒருசேர வாய்த்த என் அக்காவுக்கு, ஐந்தாம் மாடியிலிருந்து உன் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் இடுப்பெலும்பும் கைத்தடியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று அறிய ஆவல்.

முதலில் தலைபோகிற செய்தி. எங்கள் கட்டிடத்து லிஃப்ட் ஓடுகிறது. ஆமாம் அக்கா, ஓடுகிறது! "லிஃப்ட் ஓடட்டும், அப்புறம் வந்து உன்னோட இருக்கேன்" என்று நீதானே சொன்னாய்? இனி அந்தச் சாக்கு செல்லாது. நீ குளியலறையில் விழுந்து கிடந்ததைப் பால்காரர் வந்துதான் பார்த்தார் என்று கேட்ட நாளிலிருந்து எனக்கு நெஞ்சு பதறிக்கொண்டே இருக்கிறது. தனியாக இருந்தது போதும், கிளம்பி வா. லிஃப்ட் ஓடிய கதையைச் சொன்னால் நம்ப மாட்டாய், நானே இன்னும் வாயைப் பிளந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்றவர்களுக்காக நூலக மாடியில் நடக்கும் இங்கிலீஷ் வகுப்புக்கு நான் போவது உனக்குத் தெரியும். டீச்சர் வாரம் ஒரு கனமான வினைச்சொல் கொடுப்பார். போன மாதம் 'ஆன்டகனைஸ்' என்று ஒன்று கொடுத்தார். அர்த்தம் கேட்டோம். "சும்மா தன் வேலையப் பாத்துட்டு இருக்கிற ஒருத்தரை, நம்ம பேச்சாலயோ நடத்தையாலயோ கிளப்பிவிட்டு, நமக்கே எதிரியா ஆக்கிக்கிறது" என்றார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை பெரிய காரியத்தை ஒரே சொல்லில் அடக்கிவிட்டானே வெள்ளைக்காரன், அதுவும் என் வீட்டுக்காரியை ஒரு தடவைகூட நேரில் பார்க்காமல்! நான் இத்தனை வருஷமாக 'அவள் சுபாவம் அப்படி' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது அகராதியில் ஏறிய கலை என்று எனக்கு யார் சொன்னார்கள்?

வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் எழுதி வரச் சொன்னார் டீச்சர். பையைத் தூக்கிக்கொண்டு இவள் பின்னாலேயே கடைக்குப் போனேன். காய்கறிக்காரர் அவர் பாட்டுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார். இவள் சிரித்த முகத்தோடு, "போன வாரம் நீங்க குடுத்த தக்காளி நல்லா இருந்துச்சுங்க. பாதியைத் தூக்கிப் போட்டதும் மீதி ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள். குரலில் கோபமில்லை, குத்தலில்லை, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற மாதிரிதான் இருந்தது. அந்த மனுஷர் தராசை அப்படியே விட்டுவிட்டு, கூடையைக் கவிழ்த்து, ஒவ்வொரு தக்காளியாக இவள் மூக்குக்கு நேரே நீட்டி, "இதுல குறை சொல்லுங்க பாப்போம், சொல்லுங்க!" என்று மல்லுக்கு நின்றார். அன்று எங்கள் பையில் விழுந்தது அந்தக் கடையிலேயே முதல் தரம்.

லிஃப்ட் மெக்கானிக் கதை உனக்குத் தெரிந்ததுதான். மாதக்கணக்காக லிஃப்ட் மூன்றாம் மாடியில் சிக்கி நின்றது. அவர் வருவார், பெட்டியைத் திறப்பார், ஸ்க்ரூடிரைவரால் ரெண்டு தட்டுத் தட்டுவார், "பார்ட்ஸ் வரணும்" என்பார், போய்விடுவார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கெஞ்சியும் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். புதுச் சொல் கற்ற தெம்பில் நானே முதலில் களத்தில் இறங்கி, "உனக்கு வேலையே தெரியாதுய்யா!" என்று கத்தினேன். அவர் முகம் மலர்ந்து, "கரெக்ட் சார், நானும் அதைத்தான் ஆபீஸ்ல சொல்லிட்டு இருக்கேன். வேற ஆளைப் போடச் சொல்லுங்க" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். ஒருவரை விரோதி ஆக்கிக்கொள்வதற்கும் கொடுப்பினை வேண்டும், எனக்கு அது இல்லை.

அடுத்த முறை அவர் வந்தபோது இவள் ஒரு டம்ளர் தண்ணீரோடு படியிறங்கினாள். நான் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் நின்றேன். "குடிங்க தம்பி. பாவம், உங்களை ஏன்தான் இந்தப் பாடு படுத்தறாங்களோ. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அவரைக் குத்தம் சொல்லாதீங்க, இது பெரிய மெக்கானிக் பாக்கிற வேலைன்னு. எதிர் பில்டிங்குக்கு வர்றவர் இதே ரிப்பேரை மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டாராம். எல்லாருக்கும் எல்லாமும் வந்துடுமா என்ன?" அவ்வளவுதான். மனுஷனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. தண்ணீரைத் தொடவில்லை. "யாரும்மா பெரிய மெக்கானிக்? அவன் எங்கிட்ட தொழில் கத்துக்கிட்டவன்!" என்று கத்திக்கொண்டே வெளியே போனவர், இத்தனை நாள் வராத பார்ட்ஸைக் கையோடு கொண்டுவந்து நின்றார். சாப்பிடக்கூடப் போகவில்லை. "இந்தம்மாவை ஏத்தி எறக்கிக் காட்டல, நான் என் பேரை மாத்திக்கிறேன்!" என்று லிஃப்ட் குழிக்குள்ளிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஒருவழியாகக் கதவு திறந்தது, விளக்கு எரிந்தது, கட்டிடமே கூடி நின்று பார்த்தது. இவள் ஏறினாள், மேலே போனாள், இறங்கி வந்தாள், அவரைப் பரிவோடு பார்த்து, "பரவால்லையே! சத்தம் மட்டும் கொஞ்சம் வருது. அது உங்களால ஆகாது, விடுங்க" என்றாள். இப்போது சத்தமும் இல்லை அக்கா! எனக்குப் புல்லரித்துவிட்டது. கட்டிய மனைவியைக் கையெடுத்துக் கும்பிடலாமா கூடாதா என்று புரியாமல் நின்றேன்.

வகுப்பில் இதைப் படித்ததும் ஒரே கைதட்டல். டீச்சர், "அவங்களை ஒரு நாள் இங்க அழைச்சிட்டு வாங்களேன்" என்றார். பாவம், அந்த டீச்சர் பெண்ணாவது நன்றாக இருக்கட்டும் என்று மழுப்பிவிட்டேன்.

நீ வரத் தயங்குவதற்கு லிஃப்ட் மட்டும் காரணமில்லை, இவள் வாய்க்கும் சேர்த்துத்தான் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் இவளிடம், "யாரை வேணா ஆன்டகனைஸ் பண்ணிக்கோ, எங்க அக்காவை மட்டும் விட்டுடு" என்று கெஞ்சிக் கேட்டேன். "நான் என்னங்க சொல்லப்போறேன் அண்ணியை?" என்று சத்தியமே செய்துவிட்டாள். இந்தக் கடிதத்தில்கூட அவளை ஒரு வரி எழுத விடவில்லை, ஒட்டித் தபாலில் போட மட்டும்தான் கொடுக்கிறேன். வந்துவிடு அக்கா. உன்னை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஈரத் தரையில் கைத்தடியை நம்பாதே, வேளைக்கு மாத்திரை போடு. உன் ஆசியையும் அதற்கு முன்னால் வரும் திட்டையும் எதிர்பார்த்திருக்கும்,
உன் தம்பி.

பின்குறிப்பு: அண்ணி, ஒட்டுவதற்கு முன்னால் நான்தான் எழுதுகிறேன். நீங்கள் வர வேண்டாம். இந்த வயதில், அந்த இடுப்பை வைத்துக்கொண்டு, ரயிலேறி இவ்வளவு தூரம் வருவது உங்களால் ஆகிற காரியமா? இவர்தான் புரியாமல் நச்சரிக்கிறார். "அண்ணிக்கு முன்ன மாதிரி தைரியம் இல்லைங்க, விட்டுடுங்க" என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். உங்களுக்காகக் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டது போட்டபடி இருக்கட்டும். குளியலறைச் சுவரில் நீங்கள் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்த வைத்தேன், அதுவும் வீணாகாது. துண்டு காயப் போட்டுக்கொள்கிறேன்.