அம்மா கேட்ட சின்னக் கமரா

அநியாயம் நடந்தது என் அம்மாவுக்கு. செய்தவர் என் அப்பா. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் "ரெண்டு பக்கமும் பிழை இருக்கும்" என்று நடுவால் வரக்கூடாது.

அம்மாவின் பெயர் அன்னப்பூரணி. அப்போது வயது நாற்பத்தைந்து. உலகத்தில் அவவுக்கு இருந்த படங்கள் இரண்டு. ஒன்று அடையாள அட்டையில். மற்றது, வீட்டில் எத்தனை பேர் என்று காட்ட ஆமி முகாமுக்குக் கொடுத்த குடும்பப் படத்தில். இரண்டையும் "சிரிக்க வேணாம்" என்று சொல்லித்தான் எடுத்தார்கள். கலியாண அல்பம் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் வீட்டோடு எரிந்துவிட்டது.

2005இல், சமாதானம் என்று பேர் வைத்திருந்த காலத்தில், கொழும்புப் பக்கத்து விளையாட்டுப் பூங்காவுக்குப் போவோம் என்று அப்பா அறிவித்தார். அம்மா ஒன்றே ஒன்று கேட்டா.

"நான் சிரிச்சபடி ஒரு படம் வேணும். செத்த வீட்டில அடையாள அட்டையப் பெருப்பிச்சு வைக்காதீங்க."

"ஒரு படமா? டிஜிட்டல் கமராவே வாங்குறன்" என்றார் அப்பா. தபால் கந்தோரில் முத்திரை குத்துகிற கை. எதையும் ஓங்கித்தான் செய்யும்.

காத்தான்குடியில் மர்சூக் நானாவின் கடை. கண்ணாடிப் பெட்டிக்கு மேல் இரண்டு கமரா. ஒன்று சவர்க்காரக் கட்டி அளவு. மற்றது கறுப்பு, பால்பேணி அளவில் நீண்ட லென்ஸ் மூக்கு.

"ராட்டினத்தில மேல போற ஆக்களக் கீழ நிண்டு கிட்டப் பிடிக்க இதுதான் சரி" என்று அப்பா கறுப்பைத் தூக்கினார்.

"மேல போற ஆக்கள் ஆரு, எங்கட சொந்தக்காரரா?"

"உனக்கு விளங்காதுகா."

"விளங்குது. இதத் தோளில போட்டா பேப்பர்காரர் மாதிரி இருப்பீங்க. வழியில ஆமிக்காரர் பஸ்ஸால இறக்குவாங்க. சின்னது போதும்."

"சமாதானத்தில ஆரு இறக்குற?"

"சமாதானம் எண்டு உங்களுக்குத் தெரியும். சென்றியில காவல் நிக்கிற பொடியனுக்குத் தெரியுமா?"

மர்சூக் நானா சின்னதைத் துடைத்துத் துடைத்து வைத்தார். "தங்கச்சி சொல்றதும் ஞாயம்தானே, மூர்த்தி அண்ணன்."

"ஆம்பிள தூக்குற சாமான் இது, நானா."

கறுப்பு வென்றது. கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்வரை பஸ்ஸில் நான் வாதாடினேன். கேட்டது அம்மா, படம் அம்மாவுக்கு, ஆகவே தெரிவும் அம்மாவுடையது. பல்கலைக்கழகத்தில் இப்படி மூன்று வரி சொன்னால் கைதட்டுவார்கள். அப்பா, "படிச்சது காணும், நிப்பாட்டு" என்றார்.

அந்தக் கிழமை முழுக்க அப்பா படம் எடுத்தார். தண்ணித் தாங்கியை எடுத்தார். தன் மேலதிகாரியை எடுத்தார். அம்மா தலைவாரிப் பூவும் வைத்து வாவிக் கரையில் ஒரு நாள் போய் நின்றா.

"கொஞ்சம் தள்ளு, பின்னால கொக்கு நிக்குது."

அம்மா தள்ளினா. பூவைக் கழற்றிப் பைக்குள் வைத்தா. எங்கள் வீட்டில் அது நல்ல சகுனமல்ல.

பயணம். பொலன்னறுவைக்கு இந்தப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. ஆமிக்காரன் ஏறினான். நாற்பது பேரில் அப்பாவின் தோளை மட்டும் பார்த்தான்.

"பத்திரிகையா?"

"இல்ல, போஸ்ட் ஒஃபிஸ்."

"எந்தப் பத்திரிகை?"

இருபது வருட அரசாங்க உத்தியோகத்தில் சேர்த்த சிங்களம் முழுவதும் அப்பாவை விட்டு இறங்கிப் போனது. பின்னாலேயே அப்பாவும் இறங்கினார். மண்மூட்டைக்குப் பக்கத்தில் அடையாள அட்டையோடு நிற்கவைத்து, கமரா வேலை செய்யுதா என்று அவரையே ஒரு படம் எடுத்தார்கள். பிறகு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கமராவைத் திரும்பி வரும்போது எடுக்கலாம்.

அதற்குள் பஸ்ஸில் இன்னொரு ஆமிக்காரன் அம்மாவின் சோற்றுப் பார்சல் பையைத் திறந்தான். உள்ளே இருந்து சவர்க்காரக் கட்டிக் கமரா வந்தது.

"பிள்ளையோட ட்ரிப்" என்றா அம்மா.

அவன் புரட்டிப் பார்த்தான். சிரித்தான். பார்சலுக்கு மேலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனான்.

"அம்மா, இது எங்கால?"

"மர்சூக்கிட பெண்சாதி றமீஸாட்ட மூண்டு நாளைக்கு இரவல் வாங்கினன். வாயப் பொத்துகா."

பூங்காவில் அம்மாவை அறுபத்துமூன்று படம் எடுத்தேன். படகு ஊஞ்சலில் வாய் பிளந்தபடி. நனைந்த சேலையோடு. கரடி வேஷக்காரனின் கையைப் பிடித்தபடி. அப்பா வாங்குப் பலகையில் பைகளோடு குந்தியிருந்தார்.

"நீங்களும் வந்து நில்லுங்களன்" என்றா அம்மா. இரண்டு தரம் கேட்டா.

"அந்தச் சவர்க்காரத்துக்கு நான் நிக்கமாட்டன். என்ட கமரா வரட்டும்."

வந்தது. திரும்பும் வழியில், சொன்னபடியே சாவடியில் துண்டைப் பார்த்துத் தந்தார்கள். உள்ளே ஆமிக்காரரின் நாற்பது புதுப் படம். தலைக்கவசத்தோடு ஒருவன், நாயோடு ஒருவன், தோள்மேல் கைபோட்ட ஐந்து பேர், எல்லாரும் பல் தெரிய. அடுத்த முறை வரும்போது கழுவிக்கொண்டு வரட்டாம்.

ஊருக்கு வந்ததும் அப்பாவுக்கு நிம்மதி போனது. படங்களை வைத்திருந்தால், வீட்டைக் கிளற மற்றப் பக்கத்து இயக்கக்காரர் வந்தால் என்ன சொல்வது? அழித்தால், அந்தச் சென்றியை அடுத்த முறை எப்படித் தாண்டுவது? சமாதானத்தில ஆரு இறக்குற என்று கேட்ட மனிதர், கமராவைப் பழைய சாரத் துணியில் சுற்றி அரிசிப் பெட்டிக்குள் புதைத்தார்.

அம்மாவின் படகு ஊஞ்சல் படம் சுவருக்கு ஏறியது. ஒரு பின்னேரம் அப்பா அதற்கு முன்னால் கனநேரம் நின்றார்.

"அவ்வளவு தூரம் போய் வந்தமே. என்ட படம் ஒண்டாவது இருக்கா?"

அம்மா தையல் மெஷினை நிறுத்தவில்லை.

"இருக்கே. அரிசிப் பெட்டிக்குள்ள. மண்மூட்டைக்குப் பக்கத்தில நிக்கிறீங்க, சிரிக்கல்ல."